வாடகை வீட்டில் மூன்று சகோதரிகள்

உங்கள் கேள்வியை ஒருமுறை திரும்பச் சொல்லிவிடுகிறேன், சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். மகளுக்கு 14 வயது. கோடை விடுமுறையில் 'சார்ம்ட்' தொடரை முதலிலிருந்து கடைசிவரை பார்த்து முடித்துவிட்டாள். அந்தத் தொடரை வைத்து நாவல்கள் வந்திருப்பது தெரிந்து, வாங்கித் தரச் சொல்லி நச்சரிக்கிறாள். அவளுக்குத் தரலாமா, எதில் தொடங்குவது, அவற்றில் வரும் சம்பவங்களைத் தொடரின் கதையோடு சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். 'டி.வி.யைப் பார்த்து எழுதியதெல்லாம் ஒரு புத்தகமா' என்று உங்கள் கணவர் சொன்னதையும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவருக்குத்தான் அதிகம் பதில் சொல்லப்போகிறேன். மற்றவை அதற்குள்ளேயே வந்துவிடும்.

சென்னையில் ஒரு வாடகை நூலகத்தின் கல்லாவில் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். இந்த ரகப் புத்தகங்களை எங்கள் முதலாளி தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து வாங்கியதே கிடையாது. பழைய புத்தகக் கட்டில் மற்றவற்றோடு எடைக்கு வரும். அவற்றை அடித்தட்டில் அடுக்கிவிடுவார். பள்ளிக்கூடப் பெண்கள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து தலையைச் சாய்த்துத் தலைப்புகளைப் படிப்பார்கள். திரும்பி வரும்போது முதுகு உடைந்து, நடுப்பக்கம் தனியாகக் கையோடு வரும். மேல்தட்டில் இருந்த பரிசு பெற்ற நாவல்களின் முதுகு ஒருநாளும் உடைந்ததில்லை. இதை வைத்து எதையும் நிரூபிக்க வரவில்லை. ஆனால் எனக்கு இந்தப் புத்தகங்களின் மேல் ஏற்பட்ட மரியாதை அங்கே தொடங்கியதுதான்.

தொடரைப் பற்றி உங்கள் மகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உங்களுக்காகச் சுருக்கமாக: கான்ஸ்டன்ஸ் பர்ஜ் உருவாக்கி, ஏரன் ஸ்பெல்லிங்கின் நிறுவனம் தயாரித்த அமெரிக்கத் தொடர். 1998 அக்டோபர் 7 முதல் 2006 மே 21 வரை 'தி டபிள்யூபி' தொலைக்காட்சியில் எட்டு சீசன்கள், 178 அத்தியாயங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் பாட்டி விட்டுப்போன பழைய வீட்டில் வாழும் மூன்று அக்கா தங்கைகளுக்குத் தாங்கள் மந்திர சக்தி படைத்த பரம்பரை என்று தெரியவருகிறது. மூத்தவள் ப்ரூ, பார்வையாலேயே பொருளை நகர்த்துவாள். நடுவாள் பைப்பர், நேரத்தை உறையவைப்பாள். கடைக்குட்டி ஃபீபிக்கு நடக்கப்போவது தெரியும். மூவரும் சேர்ந்தால்தான் முழுப் பலம். வாரம் ஒரு அசுரன் வருவான், வாரக் கடைசியில் தூளாவான். நடுவில் வேலை, காதல், பணத் தட்டுப்பாடு, யார் பாத்திரம் தேய்ப்பது என்ற சண்டை. பார்ப்பவர்களைப் பிடித்து வைத்தது அசுரர்கள் அல்ல, இந்தச் சண்டைதான் என்பது என் கட்சி.

நாவல்கள் 1999-இல் தொடங்கின. சைமன் அண்ட் ஷூஸ்டர் குழுமத்தின் இளையோர் பிரிவுகள் வெளியிட்டன. தொடர் முடிந்த பிறகும் கொஞ்ச காலம் வந்துகொண்டிருந்தன. மொத்தம் சுமார் நாற்பது. முதல் புத்தகமான 'தி பவர் ஆஃப் த்ரீ', தொடரின் முதல் அத்தியாயத்தையே எலைசா வில்லார்ட் நாவலாக எழுதியது. பதினொன்றாவதாக வந்த எலிசபெத் லென்ஹார்டின் 'சார்ம்ட் அகெய்ன்', நான்காம் சீசனின் தொடக்கத்தை நாவலாக்கியது. மற்றவை எல்லாம் ஏறக்குறையப் புதுக் கதைகள். திரையில் வராத சாகசங்கள்.

இங்கேதான் உங்கள் கணவரிடம் ஒரு சின்னத் திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. 'டி.வி.யைப் பார்த்து எழுதியது' என்பது அந்த இரண்டுக்குத்தான் பொருந்தும். மற்றவற்றை எழுதியவர்களுக்குப் பார்த்து எழுத எதுவுமே இல்லை. அவர்கள் கையில் இருந்தது பாத்திரங்கள், ஒரு வீடு, சில விதிகள். நான் இதை வாடகை வீடு என்று சொல்வேன். வாடகை வீட்டில் சமைக்கலாம், விருந்து வைக்கலாம், விடிய விடியச் சண்டை போடலாம். சுவரில் ஆணி அடிக்க வேண்டும் என்றால் உரிமையாளரைக் கேட்க வேண்டும். காலி செய்யும்போது வந்தபடியே ஒப்படைக்க வேண்டும். தொடரில் கல்யாணமாகாத பைப்பருக்கு நாவலில் கல்யாணம் செய்து வைக்க முடியாது. யாரையும் கொல்ல முடியாது. புதிதாக ஒரு காதலன் வந்தால் கடைசிப் பக்கத்துக்குள் அவன் ஊரை விட்டோ உலகத்தை விட்டோ போயாக வேண்டும். புத்தகத்தின் பதிப்புரிமைப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். உரிமை எழுத்தாளரின் பெயரில் இருக்காது, ஸ்பெல்லிங் நிறுவனத்தின் பெயரில் இருக்கும்.

வேலை நடக்கும் விதமும் அப்படித்தான். எழுத்தாளர் முதலில் கதைச் சுருக்கம் தர வேண்டும். பதிப்பாளர் பார்ப்பார், பிறகு உரிமையாளர் தரப்பு பார்க்கும். இதைச் செய்யக்கூடாது, இவள் இப்படிப் பேசமாட்டாள் என்று குறிப்பு வரும். ஒப்புதல் கிடைத்த பின் முழு நாவலை எழுதி முடிக்கச் சில வாரங்களோ சில மாதங்களோதான் இருக்கும். நாவல் அச்சில் இருக்கும்போதே அடுத்த சீசன் படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும். இப்படி எழுதுகிறவர்களுக்கென்று ஒரு சர்வதேசச் சங்கமே உண்டு. லீ கோல்ட்பெர்க்கும் மேக்ஸ் ஆலன் காலின்ஸும் சேர்ந்து தொடங்கியது. அதன் ஆங்கிலச் சுருக்கப் பெயரான IAMTW-இன் முதல் மூன்று எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் 'நான்தான்' என்று பொருள் வரும். அட்டையில் நடிகைகளின் முகம் பெரிதாகவும் தன் பெயர் சிறிதாகவும் அச்சாவதைப் பார்த்துப் பழகியவர்களின் குறும்பு என்றே எனக்குப் படுகிறது.

இத்தனை கட்டுக்குள் ஒருவர் என்னதான் செய்ய முடியும்? இதற்குப் பதிலாகத் தொடரின் முதல் அத்தியாயத்திலிருந்து ஒரு காட்சியைக் காட்டுகிறேன்.

பைப்பர் ஒரு உணவகத்தில் சமையல்காரர் வேலைக்குத் தன் கைப்பக்குவத்தைக் காட்ட வந்திருக்கிறாள். பாஸ்தாவும் சாஸும் தயார், ஆனால் சாஸில் போர்ட் ஒயின் இன்னும் சேர்க்கவில்லை. அதற்குள் தலைமைச் சமையல்காரர் நேரமாகிவிட்டது என்று வந்து முள்கரண்டியை எடுத்துவிடுகிறார். கரண்டி வாயருகே போகிறது. பதறிப்போய் இவள் கையை உயர்த்த, அவர் அப்படியே சிலையாகிறார். இவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு சட்டென்று ஒயினை எடுத்து, கரண்டி நுனியில் இருக்கும் உணவின் மேலேயே விடுகிறாள். அவர் மீண்டும் அசைகிறார், வாயில் போடுகிறார், முகம் மலர்கிறது. வேலை கிடைத்துவிடுகிறது.

திரையில் இது ஒரு நிமிட நகைச்சுவை. எதிரே நிற்கும் நடிகர் அசையாமல் நின்றால் போதும், தயாரிப்பாளருக்குச் செலவும் இல்லை. எழுத்தில் இதே காட்சி வேறாக மாறிவிடுகிறது. எழுத்தாளரிடம் சிலையாக நிற்கும் நடிகர் இல்லை. அதற்குப் பதில் பைப்பரின் தலைக்குள் போகும் சாவி இருக்கிறது. உலகமே நின்றுபோன அந்த நேரத்தில் அவள் மனத்தில் முதலில் ஓடுவது என்ன? 'எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது' என்பதா, 'சாஸில் ஒயின் இல்லை' என்பதா? இரண்டாவதுதான் என்றால் அதுவே அவளைப் பற்றிய முழு விவரம். உலகம் தலைகீழானாலும் முதலில் குழம்புக்கு உப்புப் போட்டாயிற்றா என்று பார்க்கும் பெண்கள் நம் வீட்டிலும் உண்டு. முதல் சீசனில் அவள் சக்தி அவள் சொன்ன பேச்சைக் கேட்காது, பயந்தால் மட்டும் கிளம்பும். அந்தப் பயத்தின் உட்பக்கத்தைத் திரையால் முழுதாகக் காட்ட முடியாது. நடுப்பிள்ளையாகப் பிறந்து, அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவே சமாதானம் பேசியே வளர்ந்தவளுக்கு 'எல்லோரும் ஒரு நிமிடம் சும்மா இருங்கள்' என்பதே வரமாக வந்திருக்கிறது என்பதை நாவல் உட்கார்ந்து யோசிக்கலாம். இந்த வரிசையில் நல்ல புத்தகம் எது, சாதாரணமானது எது என்று நான் பிரிப்பதே இதை வைத்துத்தான். அசுரன் எவ்வளவு பெரியவன் என்பதை நான் பார்ப்பதில்லை. சக்தி வேலை செய்யும் அந்த நொடியில் எழுத்தாளர் சகோதரியின் மனத்துக்குள் நுழைந்தாரா, வாசலில் நின்று 'அவள் கையை உயர்த்தினாள், அவன் உறைந்தான்' என்று எழுதிவிட்டுப் போனாரா என்று பார்ப்பேன். சோம்பலாக எழுதிய புத்தகங்கள் வாசலோடு நின்றவை. அவை பாதிக்குப் பாதி உண்டு, மறைக்கவில்லை.

நாவலுக்கு இன்னொரு சலுகையும் உண்டு. தொடரின் கதை சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்தாலும் படப்பிடிப்பு பெரும்பாலும் லாஸ் ஏஞ்சல்ஸில்தான். பிரெஸ்காட் தெருவில் 1329-ஆம் எண் என்று கதையில் வரும் அந்த விக்டோரியன் வீடு, உண்மையில் லாஸ் ஏஞ்சல்ஸின் ஏஞ்சலினோ ஹைட்ஸ் பகுதியில் கேரல் அவென்யூவில் இருக்கிறது. எண்ணும் அதே 1329தான். தொடரில் சான் ஃபிரான்சிஸ்கோ என்பது காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே வந்துபோகும் பாலமும் மேட்டுத் தெருவும்தான். எழுத்தாளருக்குப் படப்பிடிப்புச் செலவு கிடையாது. மூடுபனியும் டிராமும் வேண்டிய மட்டும் வரலாம். ஊரையே மாற்றி, சகோதரிகளை நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பலாம். வெண்டி கோர்சி ஸ்டாப் எழுதிய 'வூடூ மூன்' அப்படிப் போனதுதான். அவர் பிற்பாடு திகில் நாவல்களில் பெயர் வாங்கியவர். புயல், புதைந்த நகரம், நூறு பேர் கூடும் சந்தை எல்லாம் எழுத்தில் ஒரே விலை.

மந்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. இது உங்கள் கேள்வியில் இல்லை, ஆனால் எனக்குச் சொல்ல ஆசை. இந்தத் தொடரில் மந்திரம் என்றால் ஆங்கிலத்தில் அடி முடியும் இடத்தில் ஓசை ஒன்றும் செய்யுள். பரண் மேல் இருக்கும் பரம்பரைப் புத்தகத்தில் இல்லையென்றால் ஃபீபி அந்த இடத்திலேயே இட்டுக்கட்டிவிடுவாள். நம் இலக்கணத்தில் இதற்குப் பெயர் இயைபு. தமிழ்க் காதுக்கு எதுகையும் மோனையும்தான் முதலில் படும், அதனால் இந்த ஆங்கில மந்திரங்கள் எனக்கு விளம்பரப் பாட்டுப் போலக் கேட்டன. ஆனால் பாட்டால் ஆளைக் கொல்லலாம் என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. அறம் வைத்துப் பாடிய நந்திக் கலம்பகத்தைக் கேட்டு மூன்றாம் நந்திவர்மன் உயிர்விட்டான் என்று கர்ணபரம்பரைக் கதை இருக்கிறது. காளமேகம் வசை பாடி ஒரு ஊரில் மண்மாரி பொழிய வைத்ததாகவும் சொல்வார்கள். உங்கள் மகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பைப்பரையும் ஃபீபியையும் பார்த்து வளர்ந்தவளுக்குக் காளமேகத்தைப் பிடிக்காமல் போக வழியில்லை. நாவல்களுக்கு வருகிறேன்: புத்தகத்துக்கு ஒரு அசுரன் என்றால் புத்தகத்துக்கு ஒரு புதுச் செய்யுள் வேண்டும். நாற்பது புத்தகத்துக்கு எத்தனை ஓசைச் சொற்கள்தான் கிடைக்கும்? சில செய்யுள்களைப் படிக்கும்போது அசுரன் செத்தது மந்திரத்தாலா, சகிக்க முடியாமலா என்று சந்தேகம் வரும்.

இனி, இதெல்லாம் 'உண்மையில் நடந்த' கணக்கா என்ற கேள்வி. தொடர் அந்த நாவல்களைத் திரும்பிப் பார்த்ததே இல்லை. நாவலில் பைப்பர் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய ஆளின் பெயரைத் திரையில் யாரும் சொல்லப்போவதில்லை. தொடர் முடிந்த பின் கதையைத் தொடர்ந்தவை வேறு. 2010-இல் ஜெனஸ்கோப் நிறுவனம் ஒன்பதாம் சீசன் என்ற பெயரில் காமிக்ஸ் வெளியிட்டது. அதற்கு எழுதிய பால் ருடிடிஸ், முன்பு இந்த நாவல் வரிசையிலும் எழுதியவர். 2015-இல் வேறு பதிப்பகம் மூலம் மறுபடி நாவலுக்கும் வந்தார். கதை மேலே என்ன ஆயிற்று என்று மகள் கேட்டால் அந்தப் பக்கம் காட்டுங்கள். பழைய நாற்பதும் மேலே போவதில்லை, பக்கவாட்டில் போகின்றன. இரண்டு அத்தியாயங்களுக்கு நடுவே ஒரு வாரம் இருந்ததே, அந்த வாரத்தில் நடந்தவை.

நம் ஊரில் இதற்குச் சரியான இணை இல்லை. நாவல் தொடராகும், தொடர் நாவலாகாது. எனக்கு ஞாபகம் வருவது தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள். முதல் பக்கங்களில் கதைச் சுருக்கம் இருக்கும். நாயகி கடத்தப்பட்ட இடத்தில் நிறுத்தி, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடித்துவிடுவார்கள். படம் ஊரை விட்டுப் போன பிறகும் அந்த ஆறு பக்கத்தை வைத்துக்கொண்டு படத்தையே மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தவர்கள் உண்டு. 1999-இல் அமெரிக்கச் சிறுமிக்கும் நிலைமை ஏறக்குறைய அதுதான். வாரம் ஒருமுறை ஒரு மணிநேரம், தவறவிட்டால் மறு ஒளிபரப்புக்குக் காத்திருக்க வேண்டும், சீசன் முடிந்தால் நாலு மாதம் ஒன்றுமே இல்லை. அந்த நாலு மாதத்துக்கான புத்தகங்கள் இவை. எட்டு சீசனையும் ஒரே விடுமுறையில் விழுங்கிவிட்ட உங்கள் மகள் அவற்றைத் தேடுவதற்குக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். அவளுக்கு அந்த வீட்டை விட்டு வர மனமில்லை.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சகோதரிகள் மூவருமே இருபது தாண்டியவர்கள். வேலைக்குப் போகிறவர்கள், காதலனோடு இரவு தங்குகிறவர்கள், பின்னால் கல்யாணம், குழந்தை, விவாகரத்து என்று எல்லாம் உண்டு. நாவல்களோ பதின்வயதினருக்கான வரிசை. அதனால் புத்தகங்களில் முத்தத்தோடு காட்சி மாறிவிடும். தொடரைப் பார்த்தவளுக்கு நாவலில் அதிர்ச்சியடைய எதுவுமில்லை. ரத்தம் கொஞ்சம் உண்டு, அசுரன் செத்தால் பெரும்பாலும் புகைதான். பழைய தலைப்புகளில் ஒன்றில் ரோமா மக்களைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல் இருக்கிறது. இன்று அதை வசைச்சொல்லாகக் கருதுகிறவர்கள் நிறைய. அது கையில் கிடைத்தால் தருவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். 'வூடூ' என்று வரும் இடங்களிலும் ஒரு மக்களின் சமயம் வெறும் பில்லி சூனியமாகச் சுருங்கிவிடுவது உண்டு.

இந்தச் சூனியம் என்ற சொல்லாலேயே எனக்கு ஒரு சங்கடம். இந்தப் பெண்களை எப்படித் தமிழில் சொல்வது? சூனியக்காரி என்றால் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எலுமிச்சம்பழத்தில் ஊசி குத்துகிறவள். மந்திரவாதி என்றால் தாடி வைத்த ஆண். மாயக்காரி என்று சொன்னால் புருஷனை மயக்கியவள். நல்லது செய்யும் மந்திரப் பெண்ணுக்கு நம்மிடம் சொல் இல்லை. ஆங்கிலச் சொல்லும் நெடுநாள் வசையாகத்தான் இருந்தது, அந்தப் பெயர் வாங்கிய பெண்கள் உயிரை இழந்தார்கள். தொடரின் கதைப்படி இந்தக் குடும்பத்தின் மூதாதையான மெலிண்டா வாரன் சேலம் ஊரில் எரிக்கப்பட்டவள். நம் சேலம் இல்லை, மாசசூசெட்ஸில் இருப்பது. உங்கள் மகளுக்கு வரலாற்றில் ஆர்வம் இருந்தால் இதைத் திருத்திச் சொல்லுங்கள்: 1692-இல் தொடங்கிய அந்த வழக்குகளில் யாரும் எரிக்கப்படவில்லை. 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். கைல்ஸ் கோரி என்ற கிழவர் வழக்குக்கு உடன்பட மறுத்ததால் அவர் மேல் கல்லை அடுக்கி அடுக்கி நசுக்கினார்கள். சிறையிலேயே இறந்தவர்களும் உண்டு. எரித்தது ஐரோப்பாவின் பல பகுதிகளில் நடந்தது. கதை எழுதுகிறவர்களுக்கு நெருப்பு வசதியாக இருந்திருக்கிறது.

'சார்ம்ட்' மட்டும்தானா, வேறு எதுவும் இல்லையா என்று கேட்டால் ஒன்று சொல்வேன். சப்ரினா. 1962-இல் ஆர்ச்சி காமிக்ஸில் பிறந்தவள், 1996-இல் நகைச்சுவைத் தொடரானாள், 2018-இல் நெட்ஃபிளிக்ஸில் திகில் தொடராக இருண்டாள். இந்தக் கடைசி வடிவத்துக்கு அயர்லாந்து எழுத்தாளர் சாரா ரீஸ் பிரென்னன் மூன்று நாவல்கள் எழுதியிருக்கிறார். 2019-இல் வந்த முதலாவது, தொடர் தொடங்குவதற்கு முந்தைய கோடையில் நடக்கிறது. இது கெட்டிக்காரத்தனம். நடுவீட்டில் குடியிருந்தால்தானே உரிமையாளரோடு தகராறு, இவர் திண்ணையில் இடம் பிடித்துவிட்டார். சப்ரினாவுக்கு இன்னும் பதினாறு வயது நிறையவில்லை. பிறந்தநாளன்று மனித உலகமா மந்திர உலகமா என்ற கேள்வி வரப்போகிறது. ஆனால் அதற்கு முன் அவளை அரிப்பது, காதலன் ஹார்வி தன்னை நிஜமாகவே நேசிக்கிறானா என்பதுதான். சித்தப்பா பெரியப்பா பிள்ளையான ஆம்ப்ரோஸ் உதவுகிறேன் பேர்வழி என்று ஹார்வியின் மேல் மந்திரத்தைப் போட்டுவிட, காதலன் கவிதை பாட ஆரம்பித்ததும் இவளுக்கு வயிற்றைக் கலக்குகிறது. இப்போது அவன் சொல்வதெல்லாம் அவன் சொல்வதா, மந்திரம் சொல்வதா? பதின்வயதுப் பெண்ணின் சந்தேகத்துக்கு இதைவிடப் பொருத்தமாக மந்திரத்தைப் பயன்படுத்திய, டி.வி. தொடரை வைத்து எழுதிய நாவலை நான் படித்ததில்லை. எழுத்துத்தரத்தில் 'சார்ம்ட்' வரிசையில் பெரும்பாலானவற்றைவிட இது ஒரு படி மேல். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்தத் தொடரின் மந்திரக்காரர்கள் சாத்தானைத் தொழுகிறவர்கள். கேலியாகத்தான் வருகிறது, ஆனாலும் உங்கள் வீட்டில் அது எப்படி விழும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

கடைசியாக, வரிசை. நாற்பதையும் வாங்க வேண்டாம். புதிதாகத் தேடி அலையவும் வேண்டாம், பழைய புத்தகக்காரர்களிடம் சொல்லி வையுங்கள். அட்டைப் படத்தைப் பார்த்தே காலம் சொல்லிவிடலாம். ஷானன் டோஹர்ட்டியின் முகம் இருந்தால் ப்ரூ காலத்துப் புத்தகம், ரோஸ் மெக்கோவனின் முகம் இருந்தால், ப்ரூவின் இடத்துக்குப் புதுத் தங்கையாகப் பேஜ் வந்த பிறகு. என் பரிந்துரை முதல் பத்து, அதாவது 'தி பவர் ஆஃப் த்ரீ' முதல் டயானா காலகர் எழுதிய 'பிவேர் வாட் யூ விஷ்' வரை. எல்லாம் சிறந்தவை என்பதால் அல்ல. தொடரே இன்னும் தன்னை முழுதாகக் கண்டுபிடிக்காத காலம் அது. விதிகள் குறைவு, வாடகைக்கு வந்தவர்களுக்குக் கொஞ்சம் தாராளமாக இடம் இருந்தது. பின்னால் வந்த புத்தகங்களில் கல்யாணமும் குழந்தைகளும் காவல் தேவதைகளும் முன்னாள் அசுரக் கணவனும் சேர்ந்து, கதை தொடங்குவதற்கு முன் யார் யாருக்கு என்ன உறவு என்று விளக்கவே ஒரு அத்தியாயம் போய்விடுகிறது. பேஜை அவளுக்கு மிகவும் பிடிக்கும் என்றால் மட்டும் அவற்றில் நாலைந்து பார்க்கலாம்.

ப்ரூ 2001 மே 17 அன்று ஒளிபரப்பான மூன்றாம் சீசன் இறுதியில் இறந்துபோனாள். அந்த அத்தியாயத்தை இயக்கியவரே ஷானன் டோஹர்ட்டிதான். அதோடு தொடரை விட்டு விலகினார். 2024 ஜூலையில் காலமானார். உங்கள் மகள் மூன்றாம் சீசன் முடிவில் அழுதாள் என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா? அந்த முதல் பத்துப் புத்தகங்களில் எதைப் பிரித்தாலும் ப்ரூ மாடியிலிருந்து இறங்கி வந்து, குளியலறையை யார் இவ்வளவு நேரம் அடைத்து வைத்திருந்தது என்று கத்திக்கொண்டிருப்பாள். பதினொன்றாவதான 'சார்ம்ட் அகெய்ன்' அவளுடைய இழப்பிலிருந்துதான் தொடங்குகிறது. பத்தையும் பதினொன்றையும் ஒரே நாளில் கையில் கொடுத்துவிடாதீர்கள்.